மிதந்த கட்டைவிரல்

லுக்குட் டவுன் டிராஃபிக் லைட்டில், உறைந்த ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரியொன்று பக்கத்தில் வந்து நிற்க, அழுகிய ரப்பர் பாலின் நாற்றம் காருக்குள் புகுந்து, இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட எங்கள் தோட்டத்துக் குட்டைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

மார்மன் சபைப் பிள்ளைகளுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம். உடம்பு முழுவதும் நீருக்குள் மூழ்க வேண்டும். ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் செல்லாது. எங்களுக்கு வாய்த்தது ரப்பர் ஆலை கழுவிய நீர் தேங்கும் அந்தக் குட்டைதான். மேலே மஞ்சள் ஆடை படர்ந்திருக்கும், அடியில் சேறு கோழிக்குடலைப் போல விரலிடுக்கில் வழுக்கும். வெள்ளை உடுப்பில் என்னைச் சாய்த்து முக்கியவர் அப்பா. கரையில் சாட்சிக்குச் சித்தப்பா.

"அண்ணே, கால் கட்ட வெரலு மெதக்குது. செல்லாது."

"அப்பா, வாய்க்குள்ள என்னமோ வழவழன்னு போச்சுப்பா."

"முழுங்கிடுலா. கால நல்லா ஊனிக்க."

என் பாவங்களை விட்டுவிட்டுப் பரலோகமே அந்த விரலைப் பார்ப்பதாக நடுங்கியதில், அது மறுபடியும் மேலே வந்தது. மூன்றாம் முழுக்கில் தூய்மையானேன். நாற்றம் ஒரு வாரம் தலைமுடியை விட்டுப் போகவில்லை.

பச்சை விழுந்து லாரி போன பிறகும், பின்னாலிருப்பவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, நான் பிரேக்கின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மேலே வந்துவிட்டால் நாலாவது தடவை முக்கிவிடுவார்கள்.