பன்னிரண்டு பொங்கலும் ஒரு சுவரும்

பிறர் எழுதியதை மனதில் வாங்காமல் தட்டச்சு செய்வதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி, ஒரு போட்டோ பிரதி இயந்திரம், இரண்டு நாற்காலிகளோடு பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் இன்னும் தேறவில்லை. சத்தியக் கடதாசி, வேலை விண்ணப்பம், மாமியார் மேல் முறைப்பாடு என்று எது வந்தாலும் வாசித்துவிடுவேன். வாசித்தால் கை சும்மா இருக்காது, திருத்தும். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த வியாதியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அது ஒருமுறை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பதினெட்டுப் பக்கம்

வீரமுத்து அண்ணன் நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். ஐப்பசி மாத மழையில் ஒரு நாள், பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பை போட்டுச் சுற்றிய ஒரு கொப்பியோடு வந்தார். காணிப் பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். முதல் பக்கத்தில் 'பிரபஞ்சம் விரிவதும் கோள்கள் விலகுவதும்' என்று சிவப்புப் பேனாவில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தது.

பதினெட்டுப் பக்கம். அடித்துத் தந்தால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்போகிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அண்ணே, இதெல்லாம் படிச்சவங்க வேலையாச்சே" என்றேன். அவர் கோபப்படவில்லை. நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "படிச்சவங்க பாக்கத்தான் தங்கச்சி டைப் அடிக்கச் சொல்றேன். படிக்காதவங்களுக்கு நான் வாயாலயே சொல்லிட்டேன்."

ரொட்டி மாவு

அவருடைய கொள்கை இதுதான். வானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது, இடையில் உள்ள வெளியே விரிவதால்தான் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆனால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் ஈர்ப்பு கெட்டியாகப் பிடித்திருப்பதால் இங்கே அந்த விரிவு நடக்காது என்றும் சொல்கிறார்கள். அந்த இடத்தில்தான் வீரமுத்து அண்ணன் மறுத்தார். வெளி விரிந்தால் எல்லா இடத்திலும் விரிய வேண்டும். பூமி வருடம்தோறும் கொஞ்சம் தள்ளிப் போகிறது, வருடம் நீளுகிறது, ஆகவே ஒரு பொங்கலன்று சூரியன் நின்ற இடத்தில் அடுத்த பொங்கலன்று நிற்பதில்லை.

அதற்கு அவரிடம் அத்தாட்சியும் இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, தகரக் கூரை. அதில் ஓர் ஆணி ஓட்டை. தைப்பொங்கலன்று காலை வானொலியில் ஒன்பது மணி அடிக்கும்போது, அந்த ஓட்டை வழியாகக் காசளவு வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழும். ஒரு பொங்கலுக்கு விளையாட்டாக அந்த இடத்தில் கரியால் புள்ளி வைத்தார். அடுத்த பொங்கலுக்கு வெளிச்சம் புள்ளியை விட்டு இரண்டு நூல் விலகி விழுந்தது. தச்சர்கள் சொல்லும் நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அன்றிலிருந்து பன்னிரண்டு பொங்கல் குறித்திருக்கிறார். மேகம் மறைத்த இரண்டு வருடத்துக்குக் கொப்பியில் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

"இங்க மட்டும் விரியாதுன்னு ஏன் அண்ணே சொல்லக்கூடாது?" என்று வேண்டுமென்றே சீண்டினேன். கூட வந்திருந்த அவர் மனைவி பார்வதி அக்கா தலையில் கைவைத்தார். பொங்கலுக்கு எல்லாரும் வெள்ளையடிக்க, அந்த ஒரு சுவரை மட்டும் தொடவிடாமல் வைத்திருக்கிற மனிதரோடு வாழ்கிறவர் அவர். அண்ணன் அமைதியாகக் கேட்டார்: "ரொட்டி மாவ இழுத்தா ஓரம் மட்டுமா இழுபடும் தங்கச்சி? நடுவுல இருக்கிற தேங்காப்பூவும் சேந்துதான் விலகும்."

நான் திருத்திய எண்

கடைசிப் பக்கத்தில் அட்டவணை. இரண்டு நூல், இரண்டு நூல், மூன்று நூல், நான்கு நூல் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பொங்கலுக்கு 'இரண்டரை அங்குலம்' என்று நின்றது. அங்குலமா? மனிதர் நூல் என்று எழுத நினைத்துக் கை தவறியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கக்கூட இல்லை. 'இரண்டரை நூல்' என்று அடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தேநீர் குடித்தேன். பதினாறு வருடத்தில் இப்படி எத்தனை பேருக்குச் 'சரி' செய்து கொடுத்திருப்பேனோ தெரியாது.

மறுநாள் பிரதியைச் சரிபார்க்க வந்தவர், விரலை வைத்து வரி வரியாக வாசித்து அந்த இடத்தில் நின்றுவிட்டார். "ஒரே வருசத்துல அவ்வளவு தூரமா அண்ணே சூரியன் போகும்?" என்று நான் வாதாடினேன். விரிவு வேகம் பிடிக்கிறது என்று வெளிநாட்டு விஞ்ஞானிகளே சொல்கிறார்கள் என்றார். ஆனால் அவர் முகத்திலும் கொஞ்சம் கலக்கம் இருந்தது. அந்த எண் அவருக்கும் பிடிக்கவில்லை, இருந்தும் அதை மாற்ற அவர் தயாராக இல்லை. "நீங்க நெனைக்கிறத அடிக்காதீங்க தங்கச்சி," என்றார், "நான் அளந்தத அடிங்க."

அச்சில் கிடந்த சுவர்

திருத்திய பக்கம் அச்சாகிக்கொண்டிருந்தபோது நிஸார் சேர் வரைபடம் பிரதி எடுக்க வந்தார். பண்டாரவளைக்காரர். மலைச்சரிவுகளைப் பரிசோதிக்கிற உத்தியோகத்தர், எப்போதும் காலில் சேறோடு வருவார். இயந்திரத்திலிருந்து விழுந்த தாளை எனக்கு எடுத்துக் கொடுக்கப்போனவர், கொடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவரையும் புள்ளிகளையும் வீரமுத்து அண்ணன் அளவுகோல் வைத்து வரைந்திருந்த படத்தை, அட்டவணைக்குக் கீழே அப்படியே பிரதி எடுத்துச் சேர்த்திருந்தேன்.

எந்தத் தோட்டம், லயம் எந்தச் சரிவில், லயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கதவுகள் ஒழுங்காகச் சாத்துகின்றனவா என்றும் கேட்டார். மழைக்கு மரம் ஊதுகிறது, லயத்தில் எல்லாரும் வருடாவருடம் கதவின் அடியைச் சீவுகிறோம் என்றார் அண்ணன். நிஸார் சேர் உட்கார்ந்துவிட்டார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணன், கதவு சிக்குறது மழையால இல்ல. சூரியனும் பன்னெண்டு வருசத்துல இப்படி நகராது. நகர்றது உங்கட சுவர்."

பெரட்டுக் களத்தில்

அடுத்த நாளே நிஸார் சேர் தோட்டத்துக்குப் போனார். என் கை திருத்திய எண் என்னை உறங்கவிடாததால் நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். லயத்துக்குப் பின்னால் காட்டுச்செடியை விலக்கிப் பார்த்தபோது, கால் நுழையும் அளவுக்கு நிலம் நீளமாக வெடித்திருந்தது. லயத்தில் இருக்கிற பன்னிரண்டு குடும்பங்களும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார் நிஸார் சேர். யாரும் அசையவில்லை. அத்தாட்சி என்னவென்று கேட்டார்கள். வீரமுத்துவின் சுவர் என்று தெரிந்ததும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தச் சுவரைக் காட்டி, பூமி விலகுகிறது என்று அவர் சொல்லக் கேட்டவர்கள். அந்தக் கதைக்காக யார் வீட்டை விட்டு வருவார்கள்?

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்தில் அண்ணன் கொப்பியோடு முன்னால் போய் நின்றார். முதல் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்திருந்த நான் அவருடைய கைகளைத்தான் பார்த்தேன். அந்தக் கொப்பியைத் தவிர அவருக்கென்று பெருமைப்பட இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை எல்லார் முன்னாலும் பொய்யாக்கினால்தான் அந்தப் பன்னிரண்டு குடும்பமும் நம்பும். அவர் குரல் உயரவில்லை. "நான் அளந்தது சரி, சொன்னது பிழை. சூரியன் அதே எடத்துலதான் இருக்கு. போய்க்கிட்டு இருக்கிறது நம்ம லயம். பிள்ளைகள கூட்டிக்கிட்டு வெளிய வந்துருங்க."

பிஸ்கட் பெட்டி

ஒன்பதாம் நாள் பட்டப்பகலில், விடாத மழைக்குள், மலை இறங்கியது. லயத்தில் பாதி போய்விட்டது. வீரமுத்து அண்ணனின் காம்பரா நின்ற இடத்தில் சேறும் ஒரு தகரமும்தான் மிச்சம். ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பிஸ்கட் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெண்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ தாங்க முடியாதவர்போல வகுப்பறையின் மூலையில், சின்னப் பிள்ளைகளின் வாங்கில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் இல்லாவிட்டால் என்று நான் தொடங்கியதுமே தலையை ஆட்டித் தடுத்தார். நான் அழுதுவிட்டேன். அந்த இரண்டரை அங்குலத்தை நான் நூலாக்கியதும், அதை அவர் விட்டுக்கொடுக்காததும் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொன்னார்: "எல்லாரும் நான் காப்பாத்துனேன்னு சொல்றாங்க தங்கச்சி. பன்னெண்டு வருசமா என் பிள்ளைக தூங்குன வீடு நகந்துகிட்டு இருந்துச்சு. நான் வானத்த பாத்துக்கிட்டு இருந்தேன்."

வெறும் கட்டங்கள்

மூன்று மாதம் கழித்து, பொங்கலும் முடிந்த பிறகு, மறுபடி கடைக்கு வந்தார். புது வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இடம்கூடக் காட்டவில்லை. நெகிழித் திரை கட்டிய கூடாரத்தில் இருக்கிறார்கள். கொள்கையைக் கைவிட்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. பதினேழு பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அட்டவணையிலிருந்த எண்களை மட்டும் அழிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டரை அங்குலத்துக்கு வந்தபோது என் விரல் கொஞ்சம் தயங்கியது.

வெறும் கட்டங்களாக நிற்கிறதே, அட்டவணையையே எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். பழைய வியாதி. அவர் தாளைக் கையில் வாங்கி, வெறுமையான பன்னிரண்டு கட்டங்களையும் நேரம் எடுத்துப் பார்த்தார். "எடுக்காதீங்க தங்கச்சி, இருக்கட்டும்," என்றார். "ஆடாத வீடு ஒண்ணு கெடைச்சா, முதல்ல இருந்து அளந்து தரேன்."

இப்போதும் வாசிக்கிறேன், இப்போதும் கை பரபரக்கிறது, ஆனால் ஓர் எண் எனக்குப் பிழையாகப் பட்டால் அதில் கைவைப்பதற்கு முன் 'உங்கள் வீட்டுக் கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா' என்று கேட்டுவிடுகிறேன், அதனால் பஸ் நிலையத்தில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.