கையெழுத்துக்கு முன்னால் ஒரு சிலுவை

பேராயருக்கு நான் பதினாறு வருடம் தட்டச்சு செய்தேன். மற்றவர்கள் அவருடைய பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தது அவர் கையெழுத்து. பேராயர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போடுவது வழக்கம். இவருக்கு அது கையில் ஊறிப்போயிருந்தது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பருக்கு எழுதிய துண்டுச் சீட்டிலும் சிலுவை இருக்கும்.

பேராயர் இல்லத்தில் பதினோரு அறைகள். பன்னிரண்டு நாற்காலி போட்ட மேசையில், சமையலறைக் கதவோரமாக உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். மனைவி இறந்த அன்று அவர் தூரத்துச் சபை ஒன்றில், பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனையில் இருந்தார். தலையில் அவர் கை வைப்பதற்காக நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். முடித்துவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரே மகள் அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் இவர்மேல்தான்.

ஓய்வு பெறும் நாளின் ஆராதனைக்கு மகளை அழைத்து ஒரு கடிதம் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: "பேராயரின் கடிதம் கிடைத்தது. அப்பா எழுதினால் வருகிறேன்."

நின்றபடியே படித்தார். முகவரி அச்சடிக்காத வெறும் தாள் கேட்டார். மத்தியானம் முழுக்க அறைக் கதவு சாத்தியிருந்தது. குப்பைக் கூடையை நான் எட்டிப் பார்த்தேன், மறைப்பானேன். ஏழு தாள்கள் கசங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் முதலில் சிலுவை, அப்புறம்தான் 'அப்பா'.

எட்டாவது தாளை என்னிடம் நீட்டினார்.

"பாருங்கம்மா, எங்கயாவது சிலுவை இருக்கா?"

"ஒரு புள்ளிதான் இருக்கு, ஐயா. பரவாயில்ல."

அந்தத் தபாலை நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

கடைசி ஆராதனை முடிந்தது. பேராயர் பதவிக்கு அடையாளமான கோலைப் பீடத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். வரிசையில் வருகிற எல்லோரிடமும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். பதில் வருவதற்குள் கண் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்கு முன்னால் நின்றவள் அவர் மகள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

கை குலுக்கினார். கண் அதற்குள் என்மேல் இருந்தது.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அவள் கையை விடவில்லை.

"வீட்ல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க, அப்பா. நீங்கதான் சொல்லணும்."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். வரிசை அப்படியே நின்றது.

"நல்லா இல்லம்மா," என்றார்.