நிறைந்தே திரும்பிய தூக்குச்சட்டி

என் வயிற்றைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதனால் வந்த வினை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், திருத்தங்கலுக்கு வெளியே ஒரு வெடி கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற வேலை எனக்கு. கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தங்கள் இலையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். சஷ்டி, ஏகாதசி, சோமவாரம் என்று ஊரில் எத்தனையோ விரதங்கள் உண்டு. எனக்கும் அவற்றுக்கும் இருந்த ஒரே உறவு, விரதம் முடிக்கிற வீட்டுப் பலகாரம்தான்.

என் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, மருந்து அடைக்கிற அறையில். வெடிக்குள் போகிற கந்தகம், வெள்ளிப்பொடி எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் பெயர். காலையில் இரண்டு தூக்குச்சட்டிகளில் சோறு கட்டுவாள். என்னுடையது பத்து மணிக்கே காலியாகிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் அவளுடையது வைத்தது வைத்தபடி இருக்கும். மோர் விட்ட கம்மஞ்சோறு, மேலே நாலு சுண்டைவற்றல்.

"எனக்கு வேண்டாங்க. நீங்க சாப்பிடுங்க" என்பாள்.

சாப்பிடுவேன். எனக்காக மிச்சம் வைக்கிறாளே, இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று மனம் உருகிக்கொண்டே சாப்பிடுவேன். இப்படியே இரண்டு மாதம் உருகினேன். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

ஒரு சாயங்காலம், நாங்கள் வேலை முடிந்து வந்த கையோடு, அவள் வயிற்றைப் பார்க்க மருத்துவச்சி வந்தார். அவளை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளையச் சுமக்கிறவ எலும்பா இருக்கா. நீரு என்னய்யா, ரெட்டைப் பிள்ளை சுமக்கிற மாதிரி இருக்கீரு? இவ சோறு திங்காளா இல்லையா? இப்பிடியே போனா பிள்ளை தங்காது, ஆமா."

அவர் போனபிறகு மனைவியிடம் கேட்டேன். அவள் கையை நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளிப்பொடி மின்னியது. கந்தக வாடை குப்பென்று அடித்தது.

"களுவத் தண்ணி ஏது அங்கன? முந்தானையில துடைச்சிட்டுத்தான் அம்புட்டுப் பேரும் சாப்பிடுதோம். சோத்தை வாய்க்கிட்ட கொண்டு போனாலே குமட்டிக்கிட்டு வருது. நான் மட்டுமில்ல, வயித்துப்பிள்ளைக்காரி நாலு பேரும் மூடி திறக்கிறதே இல்ல."

ஒரு ஸ்பூன் வாங்கித் தருகிறேன் என்றேன். அப்போது அது பெரிய யோசனையாகத் தோன்றியது.

"அந்தக் கரண்டிய எந்தக் கையால பிடிக்க?" என்றாள்.

கம்பெனிக்குத் தினம் ஒரு மாட்டுவண்டியில் ஒரு பீப்பாய்த் தண்ணீர்தான் வரும். அது குடிக்க மட்டும். மறுநாள் போர்மேனிடம் போய், கை கழுவ இன்னொரு பீப்பாய் வேண்டும் என்றேன். சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு. பாதிப் பழி என்னுடையது. பத்து வருடமாக அவரைச் சிரிக்க வைத்தே காலம் ஓட்டியவன் நான்.

வழி காட்டியது பழைய பேப்பர்தான். வெடிக்குக் குழாய் உருட்ட மூட்டை மூட்டையாகப் பழைய செய்தித்தாள் வரும். அதில் ஒரு துண்டில், எங்கோ ஒருவர் ஊருக்கு ஒரு பாலம் கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்த செய்தி இருந்தது. மீதித் துண்டு குழாயாகி வெடிக்குள் போய்விட்டது. அவருக்குப் பாலம் கிடைத்ததா, அவர் பிழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதிச் செய்தியை நம்பி முழுப் பட்டினிக்கு இறங்கினேன்.

உட்காருகிற நாளை மட்டும் யோசித்துத்தான் குறித்தேன். பங்குனிப் பொங்கலுக்கு முதலாளி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார். காப்புக் கட்டினால் மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு. அதிலும் அவர் வீட்டு வழக்கம், வாசலில் பசியோடு யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இலையில் கை வைப்பார். அப்படிப்பட்டவர் கம்பெனி வாசலில் நான் பட்டினி கிடந்தால் என்ன செய்வார்? என் வாழ்க்கையிலேயே நான் போட்ட ஒரே நல்ல கணக்கு இது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் விரதம்.

முதல் நாள் காலையில் லீவு சொல்லிவிட்டு, கம்பெனி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வீட்டில் துவைத்துக் காய்ந்திருந்தது மச்சினன் தீச்சட்டி எடுத்தபோது கட்டிய மஞ்சள் வேட்டி ஒன்றுதான், அதைக் கட்டியிருந்தேன். 'கை கழுவத் தண்ணீர் தரும்வரை உண்ணமாட்டேன்' என்று ஒரு தாளில் எழுதி மரத்தில் மாட்டினேன். அந்தத் தாள், அச்சில் கழித்துப் போட்ட லேபிள் தாள். நிறம் விலகி இரண்டு மூக்கோடு விழுந்த லட்சுமி படம். நான் எழுதியது அதன் பின்பக்கம். ஒரு காற்று அடித்தது. தாள் திரும்பிக்கொண்டது. நான் கண்ணை மூடிப் பசியைக் கவனித்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

கண்ணைத் திறந்தால், எதிரே இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மரத்தடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு மூக்கு அவள் பக்தியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. சற்று நேரத்தில் முதலாளியின் பிளஷர் கார் வந்து நின்றது. இறங்கினவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஏலே, நீயுமா? காப்புக் கட்டியாச்சா?"

அந்த இடத்தில் ஒரு வீரன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"நல்லாருலே. ஆத்தா பாத்துக்கிடுவா."

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது.

"மொதலாளி கும்பிட்டுட்டுப் போனாகளாமே?" என்றாள் மனைவி. "ஒரு உண்டியலும் வச்சிருக்கலாம்ல? சாமியாருக்குச் சோறு வைக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். என் வாயிலிருந்து சோறு வேண்டாம் என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கேலியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் தாளை நாலு பக்கமும் பசை தடவி மரத்தில் அழுத்தி ஒட்டினேன். எழுத்து வெளியே, லட்சுமி உள்ளே. ஆனால் முதலாளி அன்று விருதுநகருக்குப் போய்விட்டார். போர்மேன்தான் படித்துப் பார்த்தார்.

"ஏலே, நீ ஒரு நாள் திங்கலைன்னா ஊருக்கு ஒரு வாரச் சோறு மிச்சம்லே. நல்லா இரு, ஊரு செளிக்கட்டும்."

மத்தியானம் லேபிள் அறையில் மைதாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாசனையை நான் பத்து வருடமாக முகர்ந்திருக்கிறேன். அன்றைக்கு அது பாயசமாக மணத்தது. எழுந்து நாலடி நடந்தும் விட்டேன். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள் என்ற நினைப்பு வந்ததோ, என் போராட்டம் பிழைத்தது. கொள்கை என்னைக் காப்பாற்றியதாக வெளியே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது விஷம்.

மறுபடி உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஒன்றரை நாளில் எனக்கு இப்படிக் கண் இருட்டுகிறது. அவள் இரண்டு மாதம் இந்தப் பசியோடு மருந்து அடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சோறும் வைத்திருக்கிறாள். நான் உருகி உருகித் தின்றது வயிற்றுப் பிள்ளையின் சோறு. பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் செய்த முன்னெச்சரிக்கையை என் வீட்டில் யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மத்தியானச் சங்கு ஊதியது. மனைவி தூக்குச்சட்டியோடு வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, அதை முன்னால் வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"நீ எதுக்கு வெயில்ல? உள்ள போ" என்றேன்.

"ரெண்டு மாசமா உள்ள உக்காந்து இதைத்தான் செய்யுதேன். ஒருத்தர் கண்ணுலயும் படல. இனிமே வெளிய உக்காந்து செய்யுதேன்."

சற்று நேரத்தில் மற்ற மூன்று கர்ப்பிணிகள் வந்தார்கள். பிறகு மருந்து அறையே வந்தது. முப்பது தூக்குச்சட்டிகள் மூடி திறக்காமல் வரிசையாக நின்றன. போர்மேன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குக் கிளம்பிய முதலாளியின் கார் வாசலில் நின்றது.

"என்னலே இது, கூள் ஊத்துதீகளா?"

மரத்துத் தாளைக் கை காட்டினேன். அவர் படித்து முடிப்பதற்குள் என் மனைவி எழுந்து கையை நீட்டினாள்.

"மோந்து பாருங்க அண்ணாச்சி. இந்தக் கையால சோறு திங்க முடியுமா?"

அவர் குனிந்தார். முகம் சுளித்தது. மஞ்சள் காப்புக் கட்டிய தன் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு போர்மேனைப் பார்த்தார்.

"களுவத் தண்ணி இல்லையாலே?"

"குடிக்கவே காணாது அண்ணாச்சி…"

"காணாதுன்னு என்கிட்ட என்னைக்குலே சொன்ன? வாசல்ல முப்பது பேரு பட்டினி கிடக்கையில நான் எப்பிடிலே இலையில உக்காருவேன்? என் வீட்டுக் கிணத்துத் தண்ணி ரெண்டு பீப்பா வரணும். தினமும். இப்பமே ஆள விடு. அது வர்ற வரைக்கும் நானும் இங்கனதான்."

காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து சாலையைப் பார்த்தார். நியாயம் நடந்தே வந்திருக்கும்; அவர் பசிதான் அதை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தது என்பது என் கட்சி.

பீப்பாய் வந்தது. பார் சோப்பைத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். தரையில் தண்ணீர் வெள்ளியும் மஞ்சளுமாக ஓடியது. என் மனைவி மூன்று தடவை கழுவினாள், மூன்று தடவையும் முகர்ந்து பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்தாள். அவள் முதல் வாயை விழுங்கி, அது உள்ளேயே தங்குகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. தங்கியது. அடுத்த வாயை அவளே எடுத்தாள்.

அடுத்த பங்குனிக்குள் அந்த இடத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டிவிட்டார்கள். அந்த வேப்பமரத்துக்கும் யாரோ மஞ்சள் துணி சுற்றிவிட்டார்கள். கை கழுவுகிற பெண்கள் அதையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் இரண்டு மூக்கு லட்சுமியின் சங்கதி எனக்கு மட்டும் தெரியும். என்னை அதற்குப் பிறகு யாரும் கும்பிடவில்லை.

பீப்பாய் வந்த அன்று சாயங்காலம், முதலாளி கொடுத்த எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் வயிற்றில் கிடக்க வீடு திரும்பினேன். பழக்கதோஷம், கை தானாக அவள் தூக்குச்சட்டிக்குப் போனது. லேசாக இருந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. வற்றல் காம்புகூட இல்லை.

"என்னத்தத் தேடுதீக?" என்றாள் அடுப்படியிலிருந்து.

"ஒண்ணுமில்ல" என்றேன். இரண்டாவது தடவையும் திறந்து பார்த்தேன், சந்தோஷத்துக்காக.