வைத்தியர் வாய் திறக்காத காரணம்

நாவலுக்கான யோசனை பெரம்பலூரில், ஒரு டாக்டரின் அறையில் வந்தது. அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு, மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், டாக்டரிடம் குனிந்து கேட்டுக்கொண்டார்.

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். அல்சர்னு சொல்லிக்கிறோம்.”

டாக்டர் தலையாட்டினார். எங்கள் குடும்பங்களில் ஊருக்கே தெரிந்த பிறகுதான் நோயாளிக்குத் தெரியும். சிலருக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்த வாரம் முழுக்க, எகிப்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்த அந்தக் கால யூத வணிகர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு கப்பலில் ஒரு யூத வைத்தியர் வந்து, ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருந்த சோழத் தலைநகரில் தங்கியிருந்தால்? அவரிடமும் ஒரு கணவன் இப்படிக் கேட்டிருந்தால்? அக்காவுக்குப் புற்று என்று கேட்ட அதே நிமிடத்தில் எனக்குக் கதை வந்துவிட்டது. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டை மாமா பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நான் ஞாயிறுதோறும் அரியலூரிலிருந்து பஸ் மாறி செட்டிகுளம் போய், எழுதியதை அக்காவுக்கு வாசித்தேன். கதையில் ஒரு வணிகனின் மனைவி இறந்துபோகிறாள். வைத்தியர்தான் விஷம் வைத்தார் என்கிறது ஊர். அவரோ வாயே திறக்கவில்லை. ஏன் என்பதுதான் மர்மம். அக்கா வாரம் ஒருவரைச் சந்தேகப்பட்டாள்: மாமியார், சமையல்காரி, கப்பல்காரன். உன் வைத்தியருக்குப் பசிக்கவே பசிக்காதாடி, ஒரு வாய் கஞ்சியாவது குடு என்று கிண்டல் வேறு. அவளுக்கே அப்போது கஞ்சி மட்டும்தான் இறங்கியது.

ஐந்தாவது ஞாயிறு, பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

“யாரும் விஷம் வைக்கல. அவளுக்கு முன்னாடியே சீக்கு. வைத்தியருக்கு மொத நாளே தெரியும். புருஷங்காரன் சொல்லாதீங்கன்னுட்டான்.”

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பொண்ணுக்கும் தெரியும்டி. அதையும் எழுது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “உன் மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டாரு.”

சொல்லவில்லை. கடைசிவரை இருவரும் அல்சர் மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எண்ணித் தருவார், அவள் வாங்கிப் போட்டுக்கொள்வாள்.

காரியம் முடிந்த அன்று, நல்லவேளை, அவளுக்கு எதுவும் தெரியாமலே போயிட்டா என்றார் மாமா. நானும் ஆமாம் என்றேன்.

கடைசி அத்தியாயம் இன்னும் பாக்கி. அதில் வைத்தியர், அவளுக்கும் தெரிந்திருந்தது என்று சொல்ல, அந்த வணிகன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். அவரை வாசல்வரை கொண்டுவந்துவிட்டேன். கதவைத் தட்ட வைக்க முடியவில்லை. இந்த ஞாயிறும் செட்டிகுளம் போகிறேன். மாமா எதிரில் உட்கார்ந்தே அதை எழுதிப் பார்க்க வேண்டும்.