சுவரைப் பார்த்து நின்றவர்

எங்கள் பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க ஒருவர் வருவார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஃப்ளாப்பி. நான் பாஸ்வேர்டு அடிக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார், நான் என்னவோ வேட்டி மாற்றுவதைப் போல.

ஒருநாள் சோம்பலில், "நீங்களே அடிச்சுக்குங்க. கம்பெனி பேரும் ஒன்னு ரெண்டு மூனும்தானுங்க" என்றேன்.

காதைப் பொத்திக்கொண்டார். "ஏனுங்க சொன்னீங்க? உங்க கம்பெனி ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யற புள்ளைங்க போட்டோ, ஊரு, போன் நம்பரு அத்தனையும் இதுலதானுங்க இருக்குது. நான் நல்லவன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கே மாத்தீருங்க."

மாற்றினால் எனக்கே மறந்துபோகும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார். நான் எழுந்து வருவதற்குள் பாஸ்வேர்டை அவரே அடித்துவிட்டார்.

"எப்படீங்க?"

"எல்லாக் கம்பெனியிலயும் பேரும் ஒன்னு ரெண்டு மூனும்தானுங்க சார்" என்றபடி, ஹாஸ்டல் பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

வீராதிவீரனான நான் பாய்ந்து வயரைப் பிடுங்கினேன். நின்றது டேபிள் ஃபேன்.

திரையில் படங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. சுவரோரம் யாரும் நிற்கவில்லை.