என்.இ. என்றால் நெய்யாற்றின்கரை

போன வாரம் பாறசாலையில் ஒரு பாகப் பிரிவினை நடந்தது. பேப்பரில் வந்திருக்காது. பிரிந்தது தாலுகா இல்லை — நாலு கூட்ஸ் வேகன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். மரத்தில் செய்த விளையாட்டு வேகன்.

சிரிக்காதீர்கள். தாலுகாவுக்கு நடக்கிற சண்டை மட்டும் இதைவிடப் பெரிய விஷயமா என்ன?

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்ற நாளில் மாடுகூடத் திரும்பிப் பார்க்காத வெள்ளரிக்காய், அன்றைக்கு மட்டும் தங்கமாகிவிடும். எதிர் வீட்டுக்காரன் விலையை ஏற்றினான் என்பதற்காகவே நாமும் ஏற்றுவோம். அதற்கு பக்தி என்று பெயர். இந்த வருஷம், பழைய மிஷன் பங்களாவை ஒதுக்கியபோது கிடைத்த ஒரு பெட்டியையும் ஏலத்தில் வைத்தார்கள். மூடியில் ஆணி அடித்திருந்தது.

“உள்ள என்ன உண்டு?” என்று உபதேசியாரைக் கேட்டேன்.

“எனக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.”

அந்த ஒரு சாட்சியை நம்பித்தான் ஏலம் கேட்டேன். கீல், கொண்டி ஏதாவது இருக்கும், கோழிக்கூட்டுக்கு ஆகும் என்று நினைப்பு. வீட்டில் வந்து திறந்தால், வைக்கோலுக்கு நடுவே இந்த நாலு வேகன். கரி படிந்து, அச்சு வளைந்து, சக்கரம் கழன்று...

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “நல்லதாக்கும். இனி அரிசி இதுல வரும்.”

நான் வேகனைத் தூக்கிக்கொண்டு குஞ்ஞுகிருஷ்ணனிடம் போனேன். சந்தைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்கிறவன். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எங்கள் இருவருக்கும் சாயா ஒரே பெஞ்சில்தான். அவன் வீட்டில் மலையாளம், என் வீட்டில் தமிழ், சாயாக்கடையில் இரண்டும். பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்பது என் கட்சி. அது நடக்கவே கூடாது என்பது அவன் கட்சி. ஆகவே போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் மழையைப் பற்றி மட்டுமே பேசுவது என்று ஒப்பந்தம். ஆனால் எத்தனை நாள்தான் மழையைப் பற்றியே பேச முடியும்? வேகன் வந்தது எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதல்.

குஞ்ஞு கண்ணில் லென்ஸைச் செருகி, வேகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கடையில இப்படியே வாங்கினதல்ல, அண்ணாச்சி. துண்டு துண்டா ஒரு பெட்டியில வரும். வீட்டில இருந்து ஒட்டணும்.”

“அதெப்படித் தெரியும்?”

“இது கண்டோ?” சக்கரத்தைத் தாங்குகிற ஈயத் துண்டு ஒன்று கோணலாக இருந்தது. “ஒட்டினவன் அவசரப்பட்டுட்டான். மெஷின் அவசரப்படாது.”

நமக்கு நற்செய்தி சொல்ல வந்த எந்தத் துரையோ, இடவப்பாதி மழையில் வெளியே இறங்க முடியாமல் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். பலகைகளும் கதவும் இரும்புப் பட்டையும் எல்லாம் காகிதத்தில் அச்சடித்தது. அதை மரத்தின் மேல் ஒட்டியிருந்தார். இது தெரியாமல் நான் சீயக்காயும் வெந்நீரும் கொண்டுபோயிருந்தேன். குஞ்ஞு கையைத் தட்டிவிட்டான்.

“வெள்ளம் பட்டா பேப்பர் போச்சு. பஞ்சில தேங்காயெண்ணெய் தொட்டு, மெல்ல மெல்லத் துடையும்.”

அப்படியே செய்தோம். சக்கரமும் அச்சும் அவன் மேசை டிராயரில். உடம்பு நாலும் என் மடியில். நல்ல நாட்கள்.

ஒரு சாயங்காலம் பஞ்சு கறுக்கக் கறுக்க, ஒரு வேகனின் பக்கத்தில் இரண்டு வெள்ளை எழுத்து எழும்பி வந்தது. ஒரு ஓரம் N. மறு ஓரம் E.

அந்த நேரம் பார்த்தா என் மச்சினன் தாசையன் கடைக்குள் நுழையவேண்டும்? எல்லைத் தகராறு நடக்கிற பனச்சமூட்டுக்காரன். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் எழுத்தைப் பார்த்ததும் குரல் திரும்பி வந்துவிட்டது.

“அத்தான், இது நெய்யாற்றின்கரையாக்கும்.”

“எலே, எப்படிச் சொல்லுத?”

“என்.இ. வேற எந்த ஊரு இப்படித் தொடங்குது? சொல்லுங்க பாப்போம்.”

யோசித்தேன். “நேமம் உண்டு.”

“நேமத்துக்கு எவன் ரயில் விடுவான்?”

அதுவும் நியாயம்தான். குஞ்ஞுவும் தலையாட்டினான். “நெய்யாற்றின்கர தன்னே.” இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சண்டை வந்ததும் அதிலிருந்துதான்.

“துரைக்கே அன்னைக்குத் தெரிஞ்சிருக்கு. வண்டின்னா போவும். நெய்யாற்றின்கரை எங்க போவும்? தெக்க, தமிழ்நாட்டுக்கு,” என்றான் தாசையன்.

குஞ்ஞு வேகனின் அடியில் இருந்த சின்னக் கம்பியைத் தொட்டுக் காட்டினான். “இது ப்ரேக். வண்டி இவிடெ நிக்கும்.”

நான் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். “ப்ரேக்கை அவுக்கவும் ஆளுண்டு, குஞ்ஞு” என்றேன்.

அவன் லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தான். “எங்கில் அவரவர் பங்கை எடுக்காம்.”

எடுத்தோம். ஏலம் பிடித்தவன் நான் என்பதால் வேகன் நாலும் எனக்கு. அச்சை நிமிர்த்தியவன் அவன் என்பதால் சக்கரம் முழுவதும் அவனுக்கு. எவ்வளவு நேர்த்தியான பங்கீடு பார்த்தீர்களா?

மறுநாள் முதல் நான் எங்கள் கட்சிக்காரர்கள் கூடுகிற சாயாக்கடைக்குப் போனேன். அங்கே லட்சியம் உண்டு. சாயாவில் சாயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவன் என் தோளைத் தட்டி, “நல்ல காரியம் செய்தீரு” என்றான். ஒரு சிநேகிதனை இழந்ததற்கு எனக்குக் கிடைத்த மெடல் அது. பாதி சாயாவை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று குடும்ப ஜெபத்தில், “ஆண்டவரே, எல்லைப் பிரச்சினையில் சமாதானம் தாரும்” என்றேன்.

“எந்த எல்லைன்னு தெளிவாச் சொல்லி ஜெபியுங்க,” என்றாள் வீட்டுக்காரி, கண்ணைத் திறக்காமலே. “சந்தை முக்கில உள்ளதா, பனச்சமூட்டுல உள்ளதா?”

நான் அவசரமாக ஆமென் சொல்லி எழுந்துவிட்டேன்.

அடுத்த நாள் வேகனை எடுத்து மறுபடி துடைத்தேன். E-க்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி தெரிந்தது. என் மூக்குக் கண்ணாடிக்கு எட்டவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தேன். இல்லை.

“அதை வாசிக்கிற கண்ணாடி யாருகிட்ட உண்டுன்னு தெரியாதாக்கும்?” என்றாள் அவள்.

பாறசாலையில் அப்படி ஒரு லென்ஸ் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார். ஆனால் நாம் நடந்துதான் போகவேண்டியிருக்கிறது.

குஞ்ஞு தலை நிமிரவில்லை. வாடிக்கைக்காரனைக் கேட்பதுபோல் கேட்டான். “எந்தா வேணும்?”

“ஒரு வரி வாசிக்கணும்.”

“தமிழோ, மலையாளமோ?”

“இங்கிலீஷ்.”

“எங்கில் வாசிக்காம்.”

லென்ஸைச் செருகி, எழுத்து எழுத்தாகச் சொன்னான். எட்டாம் கிளாஸோடு நின்றவன் நான். ஆனாலும் கூட்டி வாசித்துவிட்டேன். ‘காலியானதும் நியூகாசிலுக்குத் திருப்பி அனுப்பவும்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நியூகாசில்... எங்கள் சர்ச் மணியின் விளிம்பில் வார்த்திருக்கிற ஊர்ப் பெயர் அல்லவா அது? நீளமான பிரசங்கங்களின்போது நான் வாசல் பக்கம் நின்று வாசித்து வாசித்து மனப்பாடமான பெயர். சீமையிலிருந்து கப்பலில் வந்த மணி. அதே ஊரில் வார்த்தது என்று குஞ்ஞுவிடம் சொன்னேன்.

“சீமையிலே அது எந்தப் பக்கம்?” என்றான் குஞ்ஞு.

“வடகிழக்குன்னு பாஸ்டர் சொல்லியிருக்காரு.”

வடக்கு, கிழக்கு. என்., இ. அந்தப் பக்கத்து ரயில் கம்பெனிக்காரன் தன் வண்டியில் தன் திசையை எழுதி வைத்திருக்கிறான். ஆவலில் அங்கேயே இன்னொரு வேகனையும் துடைத்துப் பார்த்தோம். ஜி.டபிள்யூ. என்று வந்தது, வேறு கம்பெனி போலிருக்கிறது. தாசையனிடம் காட்டினால் அதற்கும் ஒரு தாலுகா வைத்திருப்பான்.

குஞ்ஞு என்னைப் பார்த்தான். “அப்போ உங்க சர்ச்சிலே மணியும் நெய்யாற்றின்கரக்காரன் அல்ல?”

அவன் முதலில் சிரித்தானா, நான் சிரித்தேனா... தெரியாது. டிராயரைத் திறந்து சக்கரத்தை எல்லாம் மேசையில் கொட்டினான். ஒவ்வொன்றாக மாட்டினோம். கோணலாயிருந்த ஈயத் துண்டை நிமிர்த்தட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். துரையின் அவசரம் அப்படியே இருக்கட்டும்.

நாலையும் கோத்துத் தள்ளினேன். கடகடவென்று மேசையின் விளிம்புவரை ஓடியது. குஞ்ஞு எட்டிப் பிடித்தான்.

“அண்ணாச்சி, தண்டவாளம் எவிடெ?”

அதுதானே! ரயிலை நேரில் பார்க்கவேண்டுமானால் நாங்கள் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போகவேண்டும். இன்னும் தண்டவாளமே வராத ஊரில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சண்டை போட்டிருக்கிறோம்.

தாசையனிடம் விவரம் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டான். “எப்படியும் நேமம் இல்லேல்ல? அது போதும்” என்று போய்விட்டான்.

நாங்கள் பழைய பெஞ்சுக்கு வந்துவிட்டோம். என் கட்சி என்னிடம், அவன் கட்சி அவனிடம். சாயாவும் சாயாவாக இருக்கிறது. கமிஷன், கமிட்டி என்று பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து மொழிப்படி நாட்டைப் பிரிக்கப்போகிறார்களாம். பிரிக்கட்டும். எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் உண்டு —

வேகனை ஒருவனுக்கும் சக்கரத்தை இன்னொருவனுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.