பெண் கேட்கக் கொரிய மொழி கற்றேன்: திருச்சுழியிலிருந்து பூசானுக்கு

"பேச முடியாத சம்பந்தி எனக்கு வேண்டாம்." தென்கொரியாவின் நம்ஹே தீவில் பூண்டு பயிரிடும் ஒருவர் இப்படிச் சொல்லி அனுப்பினார். பூசான் நகரில் கப்பல் பட்டறையில் பணிபுரியும் என் மகன் செந்தில், அவர் மகள் மின்ஜியை மணக்க விரும்பினான். பெண் கேட்பதற்கு இன்னொருவர் வாயை இரவல் வாங்குவது எனக்கும் உவப்பாக இல்லை. ஆகவே சென்ற மார்ச்சில், அறுபத்தேழு வயதில், பூசானில் ஒரு பல்கலைக்கழகத்தின் கொரிய மொழி வகுப்பில் சேர்ந்தேன்.

திருச்சுழிக் கோயிலில் வழிபட்டுவிட்டுக் காலை ஆறரைக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். அருப்புக்கோட்டைக்குப் பதினைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். வழியனுப்ப வந்த மனைவி ஒன்றையே சொன்னாள்: "அவுக சரின்னு சொல்லாம அந்த வீட்டுல கை நனைச்சுராதீக." பெண் கேட்கப் போன வீட்டில் சம்மதம் கிடைக்குமுன் உண்ணலாகாது என்பது எங்கள் பக்கத்து முறை.

ஓட்டுநர் காதர் சிரித்தார். "அண்ணாச்சி, இந்த வயசுல காலேசா? நான் ஜித்தாவுல எட்டு வருசம் லோடு வண்டி ஓட்டுனேன். வையிறதுக்கு மட்டுந்தான் அரபு வரும்."

"நான் பொண்ணு கேக்கப் போறேன், காதரு. வையிறதப் பொறவு பாத்துக்கிறேன்."

காரியாபட்டி வழியாக மதுரை செல்லும் பேருந்தில் பெருங்குடியில் இறங்கினால் விமான நிலையம் அருகிலேயே இருக்கிறது. மதுரைக்குள் போய்த் திரும்ப வேண்டாம். சென்னை, சிங்கப்பூர் வழியாக மறுநாள் காலை பூசான்.

வகுப்பு வாரம் ஐந்து நாள், ஒன்பது முதல் ஒன்று வரை. பத்து வாரத்துக்குப் பதினான்கு லட்சம் வொன், ஏறத்தாழ எண்பத்தெட்டாயிரம் ரூபாய். எனக்கு அடுத்த மூத்த மாணவருக்கு வயது இருபத்தாறு. மற்றவர்கள் கைப்பேசியைத் தட்டிப் படித்தார்கள். நானோ ஐம்பது ஆண்டாகப் பதிகம் ஓதிய நாவை நம்பினேன். வினைச்சொற்களைப் பண்ணமைத்துப் பாடி மனனம் செய்தேன். மூன்றாம் வாரத்தில் ஆசிரியை முழு வகுப்பையும் என் பின்னால் பாடவைத்துவிட்டார்!

ஒன்பதாம் வாரச் சனிக்கிழமை செந்திலும் நானும் நம்ஹேவுக்குச் சென்றோம். பேருந்தில் இரண்டரை மணி நேரம். மின்ஜியின் தந்தை பூண்டுச் சரிவைக் காட்டி மழையைப் பற்றிப் பேசினார். வானம் பார்த்த பூமி எனக்குத் தெரியாததா? பேச்சு நன்றாகவே ஓடியது. ஆனால் பெண் பேச்சை எடுக்குமுன் சோறு வந்துவிட்டது.

எனக்காக மீனும் இறைச்சியும் விலக்கிச் சமைத்திருந்தார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவர்களும் அப்படியே இருந்தார்கள். இறைவணக்கம் போலும் என்று கண்ணை மூடினேன். திறந்தபோது சூப்பில் ஆவி அடங்கியிருந்தது. மின்ஜியின் தாய் முகம் வாடியிருந்தது.

"அப்பா, கரண்டியத் தூக்குங்க," என்று செந்தில் கிசுகிசுத்தான். "மூத்தவுக எடுக்காம இவுக யாரும் சாப்பிட மாட்டாக. சமையல் பிடிக்கலையோன்னு நெனைக்கிறாக."

"சரின்னு சொல்லாம நான் எப்படிடா கை நனைக்க? ஒங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா?"

மனனம் செய்து வைத்திருந்த பன்னிரண்டு வாக்கியங்களும் மறந்துபோயின. அகப்பட்ட கொரியச் சொற்களைக் கோத்துச் சொன்னேன்: "ஐயா, எங்கள் ஊரில், பெண் தருவதாகச் சொன்ன பிறகே உண்போம். நீங்கள், நான் உண்ட பிறகே உண்பீர்கள். எல்லாரும் பட்டினி. என் மகனுக்கு உங்கள் மகளைத் தருவீர்களா?"

அவர் என் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "சூப்பு ஆறிப்போச்சு. சுட வச்சுக் கொண்டா. சம்பந்தி சாப்பிடணும்."

சம்பந்தியைக் குறிக்கும் கொரியச் சொல்லை ஏழாம் வாரத்திலேயே படித்திருந்தேன். கரண்டியைத் தூக்கினேன்.

செல்ல எண்ணுவோர்க்கு: ஐந்தில் நான்கு பங்கு வருகை கட்டாயம், மார்ச்சிலும் அங்கே குளிரும். சைவ உணவினர், சூப்பில் நெத்திலி உண்டா என்று கேட்டே உண்ணுங்கள். இரண்டு கிலோ பருப்புப்பொடி பத்து வாரம் தாங்கும். வயதை எண்ணித் தயங்காதீர்கள். இறைவன் புகழை மனனம் செய்த நா இன்னொரு மொழிக்கும் இடம் தரும். மேசையில் நீங்களே மூத்தவரானால், கேட்க வேண்டியதைச் சோறு வருமுன் கேட்டுவிடுங்கள்.

அன்று இரண்டு மணிக்கு மனைவியை அழைத்தேன். ஊரில் காலை பத்தரை. பெண் தந்தார்களா என்று அவள் கேட்கவில்லை.

"கை நனைச்சீகளா?"

"ரெண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்," என்றேன்.